‘கட்டுப்பாட்டை இழந்த கார்’ என்று எழுதுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வெளியான, கார்ப் பந்தய வரலாற்றின் பெரும் விபத்துகளைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பெயர்களும் தேதிகளும் சரியாக இருந்தன. படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் அரைப் பக்கத்துக்குள் ‘கட்டுப்பாட்டை இழந்த கார்’ என்ற தொடர் ஆறு விபத்துகளுக்கு ஆறு முறை வந்திருக்கிறது. அந்த ஆறில் ஐந்துக்கு, இன்ன பாகம் உடைந்தது அல்லது பழுதானது என்ற செய்தி விசாரணையிலோ அணியினரின் விளக்கத்திலோ பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்துவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டதால், ஐந்து பேரும் வேகத்தில் மதிமயங்கிச் சுவரில் மோதியவர்களைப் போலக் கட்டுரையில் காட்சியளிக்கிறார்கள். இக்கடிதம் எழுத நேர்ந்தது அதனால்தான்.

சாலை விபத்துச் செய்திகளிலிருந்து இத்தொடர் விளையாட்டுப் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். ‘கட்டுப்பாட்டை இழந்த லாரி புளியமரத்தில் மோதியது’ என்று படித்துப் படித்து நமக்கு அது ஒரு காரணத்தைப் போலவே காதில் விழப் பழகிவிட்டது. காய்ச்சல் ஏன் வந்தது என்று கேட்டவருக்கு, உடம்பு சுட்டதால் வந்தது என்று பதில் சொல்வதைப் போன்றதே இது. கட்டுப்பாடு போனது தெரிகிறது. அதைப் பறித்தது எது என்பதுதான் கேள்வி. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காணொளியை நம் தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் ஓட்டின. பிரேக் செயலிழந்ததை அவருடைய அணியே பின்னர் குறிப்பிட்டபோது, அந்தச் செய்திக்குக் காணொளிக்குக் கிடைத்த இடத்தில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

நான் கோவை கணபதியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பந்தயக் காரை இரண்டு முறை சோழவரத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. பம்பு மோட்டார்களுக்கு ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டு கடைந்து கொடுத்ததுதான் என் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், நான் கடைந்த ஷாஃப்ட் ஒன்று இரண்டு துண்டாகத் திரும்பி வந்தது. இராத்திரியெல்லாம் மோட்டாரை ஓடவிட்ட விவசாயியின் தவறு என்று பட்டறையில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். எங்கள் மேஸ்திரி மட்டும் அந்தத் துண்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வாசல் வெயிலில் பிடித்துக் காட்டினார். உடைந்த முகத்தின் பெரும்பகுதி வழவழப்பாக இருந்தது. அலை வாங்கிய ஈரமணலில் கோடுகள் படிந்து கிடப்பதைப் போல, ஒரு மூலையிலிருந்து தொடங்கி வளைவு வளைவாகத் தடங்கள் விரிந்து சென்றன. எதிர் ஓரத்தில் மட்டும் உடைத்த கற்கண்டைப் போலப் பொரிப்பொரியாகப் பளபளத்தது. “இது நேத்தைக்கு ஒடஞ்சது இல்ல கண்ணு. மூணு மாசமா ஒடஞ்சுக்கிட்டே இருந்திருக்குது. நேத்தைக்கு முடிஞ்சுது, அவ்வளவுதான்” என்றார். பிறகு, தடங்கள் தொடங்கிய மூலையை என் விரலால் தடவச் சொன்னார். பருமன் குறையும் படியில் உட்கோணத்தைச் சற்று வளைத்து விட வேண்டிய இடத்தில், அவசரத்தில் நான் கத்தி வைத்து வெட்டியதைப் போலக் கூர்மையாகக் கடைந்திருந்தேன். விவசாயியிடம் மன்னிப்புக் கேட்டு வரும்படி என்னையே அனுப்பினார்கள்.

பொறியியல் நூல்கள் உலோகச் சோர்வு என்று சொல்வது இதைத்தான். தாங்கக்கூடிய சுமைதான் என்றாலும், அதை ஆயிரக்கணக்கான முறை ஏற்றியும் இறக்கியும் முறுக்கியும் வந்தால், கூரிய மூலையிலோ பற்றவைத்த தையலிலோ கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் பிறந்து, ஒவ்வொரு முறுக்குக்கும் மயிரிழை மயிரிழையாக உள்ளே ஊர்ந்து, மீதமுள்ள உலோகத்தால் இனித் தாங்க இயலாது என்ற கட்டத்தில் பட்டென்று முறிகிறது. முறியும் அந்த நொடிதான் தொலைக்காட்சியில் தெரிவது. அதற்கு முந்தைய வாரங்கள் தெரிவதில்லை.

இனி கட்டுரைக்கு வருகிறேன். 1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலாவில் ஃபார்முலா 1 பந்தயத்தின்போது பிரேசில் வீரர் அயர்ட்டன் சென்னா இறந்ததைத் தங்கள் கட்டுரை மூன்று வரிகளில் முடித்துவிட்டது. ஏழாவது சுற்றில் டம்புரெல்லோ வளைவில் திரும்பாமல் நேராகச் சென்று சுவரில் மோதினார் என்பது உண்மை. தடத்தை விட்டு விலகும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 310 கிலோமீட்டர். சுவரை எட்டுவதற்குள் பிரேக் பிடித்து அதை 200-ஐ ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார் என்பதைக் காரின் பதிவுக் கருவி காட்டியது. முறிந்த முன்சக்கரமும், சக்கரத்தைக் காரோடு இணைத்துத் தாங்கும் சஸ்பென்ஷன் கம்பியும் தலைக்கவசத்தைத் தாக்காதிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. மோதலுக்குப் பிறகு ஸ்டீயரிங் சக்கரம், தன்னோடு ஒட்டிய தண்டின் துண்டுடன் காருக்கு வெளியே கிடந்ததை அந்நாளைய படங்களில் யாரும் காணலாம். என் போன்ற பட்டறைக்காரனின் கண் அந்தத் துண்டை விட்டு நகராது.

அந்தத் தண்டுக்கு ஒரு கதை உண்டு. ஓட்டும் இருக்கையில் கை இடிக்கிறது, இடம் போதவில்லை என்று சென்னா முறையிட்டதால், அவருடைய வில்லியம்ஸ் அணியினர் தண்டின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, அதைவிட மெலிந்த குழாயை இடையில் வைத்துப் பற்றவைத்தனர். ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் நடுவே 18 மில்லிமீட்டர் துண்டு. நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பது லேத் பட்டறையில் முதலில் கற்றுத்தரப்படும் கணக்குகளில் ஒன்று. 22 × 22 × 22 என்றால் 10,648. 18 × 18 × 18 என்றால் 5,832. குழாய்ச் சுவரின் தடிமனைப் பொறுத்துக் கணக்குச் சற்று மாறும் என்றாலும், வலிமையில் பாதிக்கு அருகில் போய்விடக்கூடும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். போதாக்குறைக்கு, பருமன் மாறும் அதே படியில் பற்றவைப்பும் வந்து சேர்ந்தது. எங்கள் மேஸ்திரி விரலால் தடவச் சொன்ன மூலையும் இப்படிப்பட்டதே.

உடைந்த முகத்தை ஆராய்ந்தபோது சோர்வு விரிசல் இருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தகராறு. தண்டு உடைந்ததால் கார் விலகியதா, விலகிய கார் மோதியதால் தண்டு உடைந்ததா என்பதில் இன்றுவரை இரு கட்சிகள் உள்ளன. பந்தயத் தொடக்கத்தில் நேர்ந்த வேறொரு விபத்தினால், எல்லாரையும் மெதுவாக அழைத்துச் செல்லும் பாதுகாப்புக் காரின் பின்னே மெதுவாக ஊர்ந்த சுற்றுகளில் டயர்கள் குளிர்ந்து, காற்றழுத்தம் குறைந்து, கார் தாழ்ந்து, அடிப்பாகம் மேடுபள்ளமான தடத்தில் உரசியதால் பின்பக்கம் வழுக்கியது என்பது ஒரு கட்சி. காரை வடிவமைத்த ஏட்ரியன் நியூவி இந்தக் கட்சிக்காரர். ஆனால் தண்டின் வடிவமைப்பு மிக மோசமானது என்பதையும், அதில் விரிசல் இருந்தது, என்றைக்காவது அது உடைந்தே தீரும் என்பதையும் அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வழக்கில் 1997 டிசம்பரில் எல்லாரும் விடுவிக்கப்பட்டனர். மேல்முறையீடுகளுக்குப் பின் 2007-இல் இத்தாலியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், தண்டு உடைந்ததே விபத்துக்குக் காரணம், அந்த மாற்றம் தவறாக வடிவமைக்கப்பட்டுத் தவறாகச் செய்யப்பட்டது, தொழில்நுட்பத் தலைவர் பேட்ரிக் ஹெட் சரிபார்க்கத் தவறினார் என்று கூறியது. காலவரம்பு கடந்துவிட்டதால் தண்டனை ஏதுமில்லை. எது சரி என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் பதின்மூன்று ஆண்டுகள் ஒரு நாட்டின் நீதிமன்றங்கள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு குழாய்த் துண்டைப் பற்றித் தமிழ் வாசகருக்கு ஒரு வரிகூடச் சொல்லாமல் ‘கட்டுப்பாட்டை இழந்து’ என்று எழுதி நகர்ந்துவிடுவது நியாயமில்லை.

அதற்கு முந்தைய நாள் அதே தடத்தில் இறந்த ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்ஸன்பெர்கரைத் தங்கள் கட்டுரை ‘அதிவேகத்தால்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்திருக்கிறது. பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில், ஒரு வளைவில் தடத்தை விட்டுச் சற்று இறங்கி ஏறியபோது அவருடைய சிம்டெக் காரின் முன்னிறகு, அதாவது காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தும் தகடு, அடிபட்டது. அது வெளியில் தெரியவில்லை. அணியின் பணிமனைக்கு உள்ளே வந்து நிறுத்தாமல் இன்னொரு சுற்று ஓட்டினார். நேர்ப்பாதையில் முழு வேகம் எடுத்தபோது, அந்த வேகத்தில் காற்று கொடுக்கும் அழுத்தத்தைத் தாங்காமல் இறகு பிய்ந்து காரின் அடியில் சிக்க, முன்சக்கரங்களுக்குப் பிடிமானமே இல்லாமல் போனது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுவரில் மோதினார். பெரிய அணிகளில் இடம் கிடைக்காமல் பல ஆண்டுகள் காத்திருந்து, முப்பது வயதைக் கடந்த பிறகே ஃபார்முலா 1-க்குள் நுழைந்த ஒருவருக்கு, அடுத்த நாள் இறந்த மாவீரரின் நிழலில் இவ்வளவு சிறிய இடம்தான் எங்கும் கிடைக்கிறது.

லோட்டஸ் அணி வீரர் யோகன் ரிண்ட்டின் கதை இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, ஏனென்றால் அவர் முன்கூட்டியே எழுதி வைத்தார். 1969 மே மாதம் ஸ்பெயினில் பார்சிலோனாவின் மோன்ஜுயிக் பூங்காத் தடத்தில், லோட்டஸ் அணியின் இரண்டு கார்களிலும், நீண்ட கம்பிகளின் மேல் நிறுத்திய உயரமான பின்னிறகுகள் ஒரே மேட்டைத் தாண்டும்போது ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. முதலில் கிரஹாம் ஹில் மோதினார். பின்னால் வந்த ரிண்ட், ஹில் விட்டுச்சென்ற உடைந்த காரின் மீதே போய் விழுந்தார். இருவரும் பிழைத்தார்கள், இரண்டு வாரத்தில் மொனாக்கோவில் உயர இறகுகளுக்குத் தடை வந்தது. காயத்தோடு படுத்திருந்த ரிண்ட், அணித் தலைவர் காலின் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கார்கள் மிக வேகமானவை, பலவீனமான பாகங்களில் சில பவுண்டு எடையைக் கூட்டி வலுப்படுத்தினாலும் நாம் போட்டியில் முன்னேதான் இருப்போம், நம்பிக்கை வைக்கக்கூடிய காரையே என்னால் ஓட்ட முடியும் என்பது அதன் சாரம். தேவையற்ற ஒரு கிராம் உலோகமும் காரில் இருக்கக் கூடாது என்று எண்ணியவர் சாப்மன். அந்தப் பிடிவாதம்தான் லோட்டஸுக்குப் பட்டங்களையும் வாங்கித் தந்தது என்பதை மறுக்க முடியாது.

1970 செப்டம்பர் 5 அன்று, இத்தாலியின் மான்சாவில் பயிற்சியின்போது, பராபோலிகா வளைவுக்கு முன் ரிண்ட் பிரேக் மிதித்தார். லோட்டஸ் 72 காரில் முன்பிரேக்குகள் வழக்கம்போல் சக்கரத்துக்குள் இல்லை. சக்கரத்தின் எடையைக் குறைப்பதற்காகக் காரின் உடம்போடு சேர்த்து வைத்து, ஒரு தண்டின் மூலம் சக்கரத்தோடு இணைத்திருந்தார்கள். அதாவது, பிரேக் பிடிக்கும் முறுக்கு முழுவதும் அந்தத் தண்டின் வழியாகவே போயாக வேண்டும். வலப்பக்கத் தண்டு முறிந்தது. ஒரு பக்கம் மட்டும் பிடித்த கார் இடப்பக்கமாக வெட்டித் திரும்பித் தடுப்பு வேலியின் கம்பத்தில் புகுந்தது. தீப்பிடித்தால் விரைந்து இறங்க வேண்டும் என்ற அச்சத்தில் கால்களுக்கிடையே போடும் வாரை அவர் போடுவதில்லை. மோதலில் உடம்பு கீழே சரிந்து, மற்ற வார்களின் கொக்கியே கழுத்தில் காயம் ஏற்படுத்தியது. விபத்தைத் தொடங்கிவைத்தது தண்டு, உயிரைப் பறித்ததில் சரியாகப் பொருத்தப்படாத தடுப்பு வேலிக்குப் பெரும்பங்கு உண்டு என்ற அளவில் விசாரணை முடிந்தது. அந்த ஆண்டு மீதமிருந்த பந்தயங்களில் அவருடைய 45 புள்ளிகளை யாராலும் எட்ட இயலாததால், இறந்தபின் உலகச் சாம்பியனான ஒரே ஃபார்முலா 1 வீரர் என்ற பெயர் அவருக்கு வந்தது. தங்கள் கட்டுரை இந்தப் பட்டத்தைச் சொல்கிறது. தண்டையும் சொல்லவில்லை, கடிதத்தையும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தியையும் இடையில் சொல்லிவிடுகிறேன். 1975-இல் அதே மோன்ஜுயிக் தடத்தில், தடுப்பு வேலிகளின் திருகுகள் சரியாக முடுக்கப்படவில்லை என்று வீரர்கள் பந்தயத்தையே புறக்கணிக்கப் பார்த்தார்கள். பந்தயம் நடந்தது. முன்னணியில் சென்ற ரால்ஃப் ஸ்டோமெலனின் காரில் பின்னிறகைத் தாங்கிய கம்பம் முறிந்து, கார் வேலியைத் தாண்டிப் பறந்து, அங்கு நின்றிருந்தவர்களில் சிலர் உயிரிழந்தனர். அந்தக் காரின் அணி யாருடையது தெரியுமா? ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே தடத்தில் இறகு முறிந்து பிழைத்த அதே கிரஹாம் ஹில்லுடையது. கதையாக எழுதினால் நம்பமாட்டார்கள்.

திரும்பத் திரும்ப வரும் அதிர்வு ஒரு பாகத்தை எப்படிச் சோர்வடையச் செய்து முறிக்கிறது என்பதை ஒரு மணி நேரத்துக்குள் கண்ணால் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு நான் காட்டுவது 2005 மே 29 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த பந்தயத்தை. அந்த ஆண்டு மட்டும், தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே தொகுதி டயர்கள்தான் என்று விதி இருந்தது. முன்னணியில் இருந்த கிமி ராய்க்கோனன், பின்தங்கிய ஒருவரை முந்தும்போது பிரேக்கை அழுத்தி மிதித்துவிட, வலப்பக்க முன்சக்கரம் சுழலாமல் இழுபட்டு, டயரின் ஓரிடம் தட்டையாகத் தேய்ந்தது. சப்பாத்திக் கட்டையின் ஒரு பக்கத்தைச் சீவிவிட்டு உருட்டிப் பார்த்தால் எப்படித் தடதடக்கும், அப்படி. காரிலிருந்த கேமராவில் சக்கரம் அதிர்வது சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போனதை உலகமே பார்த்தது. டயரை மாற்ற உள்ளே வந்தால் வெற்றி போய்விடும். ஓட்டினால் தாங்குமா என்று தெரியாது. ஓட்ட முடிவெடுத்தார்கள். கடைசிச் சுற்றின் முதல் வளைவில் பிரேக் மிதித்ததும் அந்தப் பக்கத்து சஸ்பென்ஷன் கம்பிகள் பொடிந்து சக்கரம் பக்கவாட்டில் மடிந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. வெற்றி பெர்னாண்டோ அலோன்சோவுக்குப் போனது. மூன்று வாரம் கழித்து அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், ரால்ஃப் ஷூமாக்கரின் பின்டயர் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் வெடித்ததும், இந்தத் தடத்தின் சரிவு வளைவில் எங்கள் டயர்கள் முழுப் பந்தயமும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மிஷ்லின் நிறுவனம் சொல்லிவிட, 14 கார்கள் விலகி 6 கார்கள் மட்டும் ஓடின. பணம் கொடுத்து வந்த கூட்டம் கோபப்பட்டது இயல்பே. அன்று யாரும் சாகவில்லை என்பதால் அதைப் பெரும் விபத்துகள் பட்டியலில் எவரும் சேர்ப்பதில்லை.

1957-இல் டயர் அப்படிப்பட்ட எச்சரிக்கை எதையும் தரவில்லை. இத்தாலியின் பொதுச் சாலைகளில் நடந்த மில்லே மில்யா பந்தயத்தில், குய்திட்ஸோலோ என்ற ஊருக்கு அருகே டயர் வெடித்து அல்ஃபோன்ஸோ டி போர்டாகோவின் ஃபெராரி, சாலையோரம் நின்றவர்கள் மீது பாய்ந்தது. அவரும் உடன் சென்றவரும் இறந்தனர். வேடிக்கை பார்க்க வந்த ஒன்பது பேர் இறந்தனர், அவர்களில் ஐவர் குழந்தைகள். என்ஸோ ஃபெராரி மீது தொடரப்பட்ட வழக்கு 1961-இல்தான் முடிந்து அவர் விடுவிக்கப்பட்டார். சாலைப் பந்தயமாக மில்லே மில்யா அத்தோடு நின்றது.

உடைந்த பாகம் தன் காரிலேயே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2009 ஜூலை 25 அன்று ஹங்கேரியில் தகுதிச் சுற்றின்போது, ஃபெலிப்பே மாஸாவின் ஃபெராரி எந்தக் காரணமும் தெரியாமல் நேராகச் சென்று டயர் தடுப்பில் புதைந்ததைத் தொலைக்காட்சியில் நானும் பார்த்தேன். தூங்கிவிட்டாரா என்றுதான் வீட்டில் கேட்டார்கள். பிறகு மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்கள். முன்னே சென்ற ரூபன்ஸ் பாரிக்கெல்லோவின் காரின் பின் சஸ்பென்ஷனிலிருந்து கழன்ற, ஏறத்தாழ 800 கிராம் எடையுள்ள ஒரு சுருள்வில் தடத்தில் துள்ளிக்கொண்டு வந்து, மாஸாவின் தலைக்கவசத்தில் இடக்கண்ணுக்கு மேலே தாக்கியிருந்தது. அந்த நொடியிலேயே அவர் நினைவிழந்துவிட்டார். மண்டையோட்டில் அடிபட்ட அவர் அந்த ஆண்டு மீண்டும் பந்தயம் ஓட்டவில்லை. கண்திரையின் மேல்விளிம்பில் கூடுதல் கவசப்பட்டை கட்டாயமானது இதற்குப் பிறகுதான். தங்கள் கட்டுரையிலோ மாஸாவும் ‘கட்டுப்பாட்டை இழந்தவர்’ வரிசையில் நிற்கிறார். நினைவையே இழந்தவரிடம் எந்தக் கட்டுப்பாட்டைத் தேடுவது?

எல்லாப் பழியையும் எந்திரத்தின் தலையில் கட்ட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கட்டுரையின் ஆறாவது விபத்தான, 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரோமெய்ன் குரோஷானின் கார் வேலியைத் துளைத்து இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது, பாகம் எதுவும் உடைந்ததால் தொடங்கவில்லை. வலப்பக்கம் வெட்டித் திரும்பியபோது பின்னால் வந்த டானீல் கிவியாத்தின் காரில் அவருடைய சக்கரம் உரசியது, அவ்வளவே. அங்கு எந்திரத்தின் பங்கு வேறு விதமானது: பல வீரர்களும் ரசிகர்களும் அழகைக் கெடுக்கிறது என்று எதிர்த்த, தலைக்கு மேலான டைட்டேனிய வளையம்தான் வேலிக் கம்பிகள் அவர் தலையைத் தொடாமல் விலக்கியது. தவறு யாருடையது என்று பார்க்காமல் எல்லா விபத்தையும் ஒரே தொடரில் போட்டுக் கட்டும்போது, குரோஷானின் தவறு ராட்ஸன்பெர்கருக்கும் போய்ச் சேர்கிறது என்பதே என் வருத்தம்.

இதைவிட எளிய காரணங்களும் உண்டு. 1999-இல் சில்வர்ஸ்டோனில் மைக்கேல் ஷூமாக்கர் கால் முறிந்து ஆறு பந்தயங்களை இழந்ததற்கு, பின்பிரேக்கில் காற்றை வெளியேற்றும் ஒரு சிறு திருகு தளர்ந்து திரவம் ஒழுகியதே காரணம். பேருந்துப் பணிமனையில் பயிற்சிப் பையன்கள்கூட ஸ்பேனர் வைத்துச் சரிபார்க்கும் திருகு அது.

கடைசியாக, எங்கள் ஊர்க்காரர் விஷயம். 2012 நவம்பர் 4 அன்று அபுதாபியில் நிகோ ராஸ்பெர்க்கின் மெர்சிடிஸ், நரேன் கார்த்திகேயனின் எச்.ஆர்.டி. காரின் மேல் ஏறிப் பறந்து தடுப்பில் விழுந்ததைத் தங்கள் கட்டுரை, ‘இந்திய வீரர் திடீரென வேகத்தைக் குறைத்ததால் நிகழ்ந்தது’ என்று விவரித்திருக்கிறது. வேகத்தைக் குறைத்தார் என்பது சரி. ஏன் குறைத்தார்? காரில் ஹைட்ராலிக் அழுத்தம் போய்விட்டது. ஃபார்முலா 1 காரில் ஸ்டீயரிங்குக்கு உதவும் விசை ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தில்தான் கிடைக்கிறது. கியர் மாற்றுவதும் அதில்தான். அழுத்தம் விழுந்ததும் ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. வளைவில் திருப்ப முடியாத சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதே வேகத்தில் போயிருந்தால் நேராகச் சுவர்தான். அதனால் காலை எடுத்தார். நெருங்கிப் பின்னால் வந்த ராஸ்பெர்க்குக்கு விலக நேரமில்லை. இருவரும் காயமின்றி இறங்கினார்கள். அன்று இரவு காந்திபுரத்தில் தேநீர்க் கடையில் நின்றவர்கள்கூட, நம்மாள் எதற்கு நடுவில் பிரேக் போட்டார் என்றுதான் பேசிக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் அவர்கள் பார்த்தது அதுதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அச்சில் வரும் கட்டுரைக்கு, ஆண்டுகள் கழித்தும் அந்தத் தேநீர்க் கடைத் தகவல் போதுமானதாக இருக்கக் கூடாது.

ஆசிரியர் அவர்கள் இரண்டு வேண்டுகோள்களைப் பரிசீலிக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலோ எங்கள் செட்டிபாளையத்திலோ பந்தயம் நடக்கும்போது செல்லும் நிருபர், பரிசளிப்புப் படம் எடுத்ததும் திரும்பிவிடாமல், மாலையில் கார்களைப் பிரித்துப் போட்டிருக்கும் கொட்டகைப் பக்கம் ஒரு நடை போய், இன்றைக்கு எது உடைந்தது என்று மெக்கானிக்குகளிடம் கேட்டு வர வேண்டும். எண்ணெய்க் கையோடு ஒரு துண்டை எடுத்து நீட்டுவார்கள். அதை ஒரு படம் எடுத்துப் போட்டால் எங்கள் ஊரில் அதைப் பார்த்துப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரண்டாவது, மற்றவற்றை விட்டாலும், நரேன் கார்த்திகேயனைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டுமாவது, ஹைட்ராலிக் அழுத்தம் குறைந்து ஸ்டீயரிங் இறுகியதால் அவர் வேகத்தைக் குறைக்க நேர்ந்தது என்று திருத்தி, அடுத்த ஞாயிறு இதழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் பட்டறைத் தொழிலாளி,
கணபதி, கோயம்புத்தூர்.